ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் குழந்தைப் பிறப்பு குறைந்துகொண்டே வருவது பற்றித் தங்கள் நாளிதழில் அண்மைக் காலமாக வெளிவரும் தலையங்கங்களையும் வாசகர் கடிதங்களையும் தொடர்ந்து படித்து வருகிறேன். இக்காலத்துத் தம்பதியர் தன்னலத்தால் ஒற்றைப் பிள்ளையோடு நிறுத்திக்கொள்கிறார்கள் என்பதும், ஒரு காலத்தில் ‘போதும்’ என்று சொன்ன அரசு இப்போது ‘பெறுங்கள்’ என்று சொன்னால் நிலைமை திரும்பிவிடும் என்பதும் அவற்றில் பெரும்பாலானவற்றின் கருத்தாக இருக்கிறது. அந்தப் ‘போதும்’ என்ற சொல்லை வீடு வீடாகக் கொண்டுபோனவர்களில் நானும் ஒருத்தி. மன்னார்குடி வட்டத்துக் கிராமங்களில் 1982 முதல் முப்பத்து நான்கு ஆண்டுகள் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். எங்கள் பேச்சைக் கேட்டுத்தான் ஊர் மாறியது என்று சிலர் தரும் பெருமையும், அதனால்தான் இன்று பள்ளிக்கூடங்கள் காலியாகின்றன என்று சிலர் சுமத்தும் பழியும் எங்களுக்கு உரியவை அல்ல என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை 1971-இல் தமிழ்நாட்டில் 3.9 ஆக இருந்தது. மக்கள்தொகை கூடாமலும் குறையாமலும் நிற்பதற்குத் தேவையான 2.1 என்ற அளவை நாம் 1990-களின் தொடக்கத்திலேயே தொட்டுவிட்டோம். 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு 1.8 என்கிறது, 2023-ஆம் ஆண்டுக்கான மாதிரிப் பதிவுத் திட்ட அறிக்கை 1.3 என்கிறது. இரண்டும் வெவ்வேறு முறையில் எடுக்கப்படும் கணக்குகள் என்பதால் ஒன்றோடொன்று பொருந்தாது என்றாலும், 2.1-க்கு வெகுவாகக் கீழே இருக்கிறோம் என்பதில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. அதே 2023 அறிக்கையில் இந்திய சராசரி 1.9, பீகார் 2.8. இது நேற்று இன்று நடந்ததல்ல, கைப்பேசியும் ஐ.டி. வேலையும் வருவதற்கு முன்பே, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாற்று நட்ட பெண்கள் தொடங்கி வைத்த மாற்றம்.

அவர்களை எனக்குத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் கையில் கொடுக்கப்பட்டது ‘தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு’ என்ற தடித்த நோட்டு. எந்த வீட்டில் எத்தனை உயிருள்ள குழந்தைகள், கடைசிக் குழந்தைக்கு என்ன வயது, லூப் எனும் கருத்தடை வளையமா, மாத்திரையா, ஆபரேஷனா என்று ஒவ்வொரு வரியிலும் எழுத வேண்டும். துணை சுகாதார நிலையத்துச் சுவரில் சிவப்பு முக்கோணமும் ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்ற வாசகமும் இருக்கும். நெருக்கடி நிலைக் காலத்தில் ஆண்களைப் பிடித்துச் சென்று செய்த அறுவை சிகிச்சைகளின் கசப்பு அப்போதும் ஊரில் போகவில்லை. 1976-77 என்ற ஒரே ஆண்டில் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அதன் பிறகு ஆண்கள் பக்கம் போக எந்த அரசும் துணியவில்லை. பாரம் முழுவதும் பெண்கள் மேல் இறங்கியது. மார்ச் மாதம் வந்துவிட்டால் ‘கேஸ்’ பிடிக்க வேண்டும், அதாவது அறுவைக்கு ஆள் சேர்க்க வேண்டும். டார்கெட் முடியாதவருக்கு மாதாந்திரக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் ஏச்சு விழும். வயிற்றில் பிள்ளையோடு ஒருத்தி எதிரே வந்தால், முகத்தைப் பார்ப்பதற்கு முன் எத்தனையாவது என்று மனம் கணக்குப் போட்ட நாட்கள் அவை. அதை இன்று பெருமையாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

1996 ஏப்ரலில் மத்திய அரசு அந்த டார்கெட்டை நாடு முழுவதும் எடுத்துவிட்டது. விரட்ட ஆள் இல்லை என்றால் ஒருவரும் வரமாட்டார்கள் என்று எங்கள் மேலதிகாரிகள் அஞ்சினார்கள். வந்தார்கள். முன்பு நாங்கள் தேடிப் போன பெண்கள், இரண்டாவது பிரசவத்துக்குச் சேரும்போதே “அப்படியே அதையும் முடிச்சு விட்ருங்க நர்ஸம்மா” என்று தாங்களாகவே சொல்லிவிட்டுப் படுத்தார்கள். பிரசாரம் நின்ற பிறகும் பிறப்பு விகிதம் இறங்கிக்கொண்டே போனதென்றால், இறக்கியது பிரசாரம் அல்ல என்றுதானே பொருள்?

இறக்கியது எது என்பதற்கு என் பதிவேட்டிலிருந்த ஒருவரின் வாழ்க்கையைச் சொன்னால் போதும் என்று நினைக்கிறேன். 1984-இல் அவருக்கு இருபத்து மூன்று வயது. ஒரு பையன், ஒரு பெண். அவருடைய மாமியார் ஏழு பெற்று மூன்றைப் புதைத்தவர். “ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கணும்ல” என்பது அந்த அம்மாளின் கணக்கு. அதில் தவறு சொல்ல முடியாது, அவர் பெற்ற காலத்தில் அதுதான் நியாயமான கணக்கு. ஆனால் மருமகளின் கணக்கு வேறாக இருந்தது. தடுப்பூசி போட்ட இரண்டு பிள்ளைகளும் தேறிவிட்டன. பையன் சத்துணவுக்காவது பள்ளிக்குப் போகிறான். இருக்கும் ஒரு மா நிலத்தை எத்தனை பேருக்குப் பிரிப்பது? தாய் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு என்னோடு அரசு மருத்துவமனைக்கு வந்து அறுவை செய்துகொண்டார். விஷயம் தெரிந்த மாமியார் என் மேல் மண்ணை வாரித் தூற்றினார். (அதே மாமியார் பத்து ஆண்டுகள் கழித்துத் தன் மகளை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார் என்பது வேறு கதை.) அந்த மருமகளை நான் சம்மதிக்க வைத்தேன் என்றுதான் என் பதிவேடு சொல்லும். உண்மையில் அவர் ஏற்கெனவே முடிவெடுத்திருந்தார். அவருக்குத் தேவைப்பட்டது பஸ்ஸுக்குத் துணையும் ஒரு படுக்கையும் மட்டுமே.

பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கையும், பெண் பிள்ளையும் படிக்கும் என்ற வழக்கமும் வந்த இடமெல்லாம் இதுதான் நடந்தது. பெண்கள் இடைவிடாமல் பெற்று அழிவதைக் கண்டித்துக் கர்ப்பத்தடையின் தேவையைப் பெரியார் 1930-களிலேயே பேசியும் எழுதியும் வந்தார். அரசாங்கத் திட்டம் வந்தது 1952-இல். ஆனால் கேட்ட சொல் செயலாக மாறியது, குழந்தைச் சாவு குறைந்த பிறகுதான். அந்த மாற்றத்தை இப்போது ஒரு விபத்துபோலப் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி, இரண்டு ஏன் ஒன்றாயிற்று என்ற கேள்வி. இதற்குத்தான் தன்னலம் என்ற விடையை நம் வாசகர்கள் எளிதாகக் கொடுத்துவிடுகிறார்கள். நான் மேலே சொன்ன பெண்ணின் மகள் எம்.எஸ்ஸி., பி.எட். படித்துத் திருச்சியில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருந்தார். முதல் குழந்தை பிறந்து நான்காவது மாதம் பள்ளியிலிருந்து தொலைபேசி வந்தது: இந்த வாரம் சேராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவோம். சட்டப்படி 26 வாரம் விடுப்பு உண்டு என்பது அவருக்குத் தெரியும். அதைக் கேட்டு வழக்குப் போட்டால் அடுத்த பள்ளியில் வேலை கிடைக்காது என்பதும் தெரியும். வேலையை விட்டார். குழந்தைக்கு மூன்று வயதானபோது வேறொரு பள்ளியில், முன்பு வாங்கியதைவிடக் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தார். “இன்னொரு தடவை கீழேயிருந்து ஆரம்பிக்க முடியாது அத்தை” என்று என்னிடம் சொன்னார். அந்தக் குழந்தையின் எல்.கே.ஜி. கட்டணம், அதன் பாட்டி பையனையும் பெண்ணையும் கல்லூரி வரை படிக்க வைத்த மொத்தச் செலவைவிடக் கூடுதல் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். இதில் தன்னலம் எங்கே இருக்கிறது?

இந்த இடத்தில் சற்று நின்று ஒன்றைப் பார்க்க வேண்டும். மகப்பேறு விடுப்பு என்பது, கிடைக்கும் அதிர்ஷ்டசாலிகளுக்கு, ஆறு மாதம். அரசு ஊழியராக இருந்தால் 2021 முதல் ஓராண்டு. நம் அங்கன்வாடிகள் குழந்தையை வைத்துப் பார்த்துக்கொள்வது இரண்டு வயது முடிந்த பிறகுதான். அதுவும் பிற்பகலில் அனுப்பிவிடுவார்கள். ஆறாம் மாதத்துக்கும் இரண்டாம் வயதுக்கும் இடையிலுள்ள அந்தப் பதினெட்டு மாதம், குழந்தை தவழ்ந்து, நடந்து, கையில் கிடைத்ததை வாயில் போட்டு, இரவில் காய்ச்சல் கண்டு, ஒரு நிமிடம்கூடக் கண்ணை எடுக்க முடியாத காலம், யார் பொறுப்பு? எங்கள் காலத்தில் பாட்டியின் பொறுப்பு. இன்று அந்தப் பாட்டி நூறு நாள் வேலைக்குப் போகிறார், அல்லது மகன் வீடு ஓசூரிலும் பாட்டி வீடு கூத்தாநல்லூரிலும் இருக்கிறது. இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இருவர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அதிகாலையில் கம்பெனி பஸ் ஏறி, ஷிப்ட் முடிந்து இருட்டிய பின் இறங்கும் அந்தப் பெண்ணின் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்பது பற்றி யாரும் பேசுவதில்லை. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் சொன்னது. என் ஊரிலிருந்து வேலைக்குப் போகும் பெண்கள் யாரும் அப்படி ஒன்றைக் கண்டதாக என்னிடம் சொன்னதில்லை. இரண்டாவது பிள்ளை வேண்டாம் என்று எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து கேட்ட பேச்சைச் சுருக்கினால், பிள்ளை வேண்டாம் என்பதல்ல, இந்தப் பதினெட்டு மாதத்தை இன்னொரு முறை தனியாகக் கடக்க முடியாது என்பதுதான்.

கணவர்மார்களைப் பற்றியும் ஒரு வரி. குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண்கள், மணமான பெண்களில் பாதிக்கு மேல். ஆண்களின் பங்கு ஒரு விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. நிறுத்துவதில் பங்கெடுக்காதவர்கள் வளர்ப்பதில் எந்த அளவுக்குப் பங்கெடுக்கிறார்கள் என்பதை அவரவர் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

அறுவைப் பிரசவமும் ஒரு காரணம், பேசப்படாத காரணம். அதே கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் அது அறுபதைத் தாண்டுகிறது. முதல் பிரசவம் அறுவையானால் இரண்டாவதும் அறுவைதான் என்ற எண்ணம் ஊரில் வேரூன்றிவிட்டது. முதல் பில்லைக் கட்ட அடகு வைத்த நகையை மீட்பதற்குள் குழந்தை பள்ளிக்குப் போய்விடுகிறது. மறுபக்கம், பிள்ளை வேண்டும் என்று தவித்துச் செயற்கைக் கருத்தரிப்பு மையங்களுக்கு நிலத்தை விற்றுக் கொடுப்பவர்களும் இதே ஊரில் இருக்கிறார்கள். ‘பெற்றுக்கொள்ளுங்கள்’ என்று மேடையில் பொத்தாம்பொதுவாகப் பேசும்போது அந்தப் பெண்கள் எதிரில் உட்கார்ந்திருக்கக்கூடும் என்பதைப் பேசுபவர்கள் நினைவில் வைத்தால் நல்லது.

மேடைப் பேச்சு என்றதும் அரசியல் வந்துவிடுகிறது. 2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு கூடுதல் பிள்ளைகள் பெறுமாறு கேட்டுக்கொண்டார். அடுத்த சில நாட்களில் முதல்வர் மு.க. ஸ்டாலின் சென்னையில் ஒரு திருமண விழாவில், பதினாறு செல்வங்களைக் குறிக்கும் ‘பதினாறும் பெற்று’ என்ற வாழ்த்தைப் பதினாறு பிள்ளைகளாகவே எடுத்துக்கொள்ளும் நிலை வந்துவிட்டதோ என்று வேடிக்கையாகக் கேட்டார். 2025 மார்ச்சில் நாகப்பட்டினத்தில், மணமக்கள் உடனடியாகப் பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். அந்த வேடிக்கைக்குப் பின்னால் இருக்கும் கவலை நியாயமானது. 1976-இல் நிறுத்தி வைக்கப்பட்ட மக்களவைத் தொகுதிகளின் பங்கீடு, 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாறலாம். நம் 39 இடங்களின் எடை குறையலாம். சொன்னபடி கேட்ட மாநிலத்துக்கு இது தண்டனை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த வழக்கை நாடாளுமன்றத்தில் வாதாடிப் பெற வேண்டுமே தவிர, பிரசவ வார்டில் அல்ல. இன்று பிறக்கும் குழந்தை வாக்களிக்கப் பதினெட்டு ஆண்டு ஆகும்.

சொல்லிப் பெற வைக்க முடியுமா என்பதற்கு நமக்கு நெருக்கமான சிங்கப்பூரே சான்று. 1970-களில் ‘இரண்டோடு நிறுத்துங்கள்’ என்று சுவரொட்டி ஒட்டிய அதே அரசு, 1987-இல் ‘வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ’ என்று மாற்றிச் சொன்னது; பணமும் வரிச் சலுகையும் வீட்டுச் சலுகையும் கொடுத்தது. 2023-இல் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 0.97 குழந்தைதான். தென்கொரியா பெருந்தொகைகளைச் செலவிட்டும் அதே ஆண்டில் 0.72-இல் நின்றது. சொல்லிப் பார்க்காமல் சட்டத்தால் கட்டாயப்படுத்திய நாடும் உண்டு: 1966-இல் கருக்கலைப்பையும் கருத்தடையையும் தடுத்த ருமேனியாவில் மறு ஆண்டு பிறப்பு ஏறக்குறைய இரட்டித்தது, பிறகு பெண்கள் திருட்டுத்தனமாகக் கருக்கலைத்துச் செத்தார்கள், அநாதை இல்லங்கள் நிரம்பின, சில ஆண்டுகளில் விகிதம் மீண்டும் இறங்கத் தொடங்கியது. ‘கேஸ்’ பிடித்த கைகளுக்கு அந்தப் பாடம் தெரியும். வேண்டாம் என்பவளைப் பெறச் செய்வதும், வேண்டும் என்பவளை அறுவைக்கு அழைத்துப் போவதும் ஒரே காரியத்தின் இரண்டு பக்கங்கள்.

விளைவுகள் இல்லை என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் கடந்த முறை சேர்ந்தவர்கள் நான்கு பேர். அதில் பாதிக் காரணம் மஞ்சள் வேன்கள் அழைத்துப் போவது, மீதிக் காரணம் ஊரில் ஆறு வயதுப் பிள்ளைகளே இல்லாதது. நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களில் சிலர் குடும்பத்தோடு வந்து தங்குகிறார்கள். அந்தக் குழந்தைகளுக்கு அங்கன்வாடியில் முட்டையும் பள்ளியில் தமிழும் கொடுப்பதை விட்டுவிட்டு அவர்களைக் கண்டு அஞ்சுவது புத்திசாலித்தனம் அல்ல. முதியவர்கள் நிலைமைதான் மிகக் கவலை தருவது. 2021-இல் தமிழ்நாட்டு மக்களில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 13.6 விழுக்காடு, 2031-இல் 18.2 ஆகும் என்பது அரசின் மதிப்பீடு. அதாவது ஏறத்தாழ ஐந்தரைப் பேரில் ஒருவர். 1984-இல் என்னோடு பஸ் ஏறிய அந்தப் பெண்ணும் அவர்களில் ஒருவர். கணவர் இல்லை, மகன் சிங்கப்பூரில், மகள் திருச்சியில். மாதம் ஒருமுறை சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பெண்ணிடம் அவர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பெண் மாத்திரை கொடுக்க எடுத்துக்கொள்வது இரண்டு நிமிடம், கிளம்ப விடாமல் இவர் பிடித்து வைத்திருப்பது அரை மணி நேரம். முதியோர் உதவித்தொகையில் மத்திய அரசு தரும் பங்கு எண்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இன்னும் மாதம் 200 ரூபாய். மீதியை மாநிலம் போட்டு 1,200 ஆக்குகிறது. பிறப்பு விகிதம் நாளையே ஏறினாலும் இவர்களுக்கு அது உதவப்போவதில்லை. முதுமைக்கு ஆயத்தமாவது என்பது தனி வேலை. அதைப் பிள்ளைப்பேற்றுப் பிரசாரத்தால் ஈடுசெய்ய முடியாது.

அரசு உண்மையிலேயே எண்ணத்தை மாற்றிக்கொண்டிருந்தால் முதலில் தன் படிவங்களைப் பார்க்கட்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும். மூன்றாவது குழந்தைக்கு மகப்பேறு விடுப்பு கேட்ட தமிழ்நாட்டு ஆசிரியை ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2025 மே மாதம், மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் ஒரு பகுதி என்று அந்த நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தில், ஒரே பெண் குழந்தை உள்ள ஏழைக் குடும்பத்துக்கு 50,000 ரூபாயும், இரண்டு பெண் குழந்தைகள் என்றால் ஆளுக்கு 25,000 ரூபாயும் வைப்புத்தொகை போடுகிறார்கள். நல்ல திட்டம்தான், பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1990-களில் பிறந்த திட்டம். ஆனால் அந்தத் தொகையைப் பெற, பெற்றோரில் ஒருவர் கருத்தடை அறுவை செய்துகொண்டிருக்க வேண்டும். அதற்கான சான்றிதழை விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். ஒரு கையால் சான்றிதழ் கேட்டுக்கொண்டு மறு கையால் வாழ்த்துச் சொல்வது எப்படி? ஓய்வு பெற்ற பிறகும் இந்தச் சான்றிதழுக்காக என்னைத் தேடி வருபவர்கள் உண்டு. சென்ற மாதம் வந்தவளுக்கு இருபத்தாறு வயது, ஒரு பெண் குழந்தை. “இன்னொண்ணு பெத்துக்கலாமான்னு இருக்கு பெரியம்மா, ஆனா அந்தப் பணம் போயிடும்ல” என்றாள்.

அவளுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், அவசரப்படாதே என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அந்த நிபந்தனையை நீக்க ஓர் அரசாணை போதும். ஒன்றியத்துக்கு இரண்டு அங்கன்வாடிகளிலாவது ஆறு மாதக் குழந்தையிலிருந்து சேர்த்துக்கொண்டு மாலை ஆறரை வரை திறந்து வைக்கக் கூடுதலாக ஒரு பணியாளர் வேண்டும். இவ்விரண்டைப் பற்றியும் துறை அமைச்சரிடமும் அதிகாரிகளிடமும் தங்கள் செய்தியாளர்கள் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலை வெளியிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.
(பெயரை வெளியிட வேண்டாம்.)